கதவில் ஒட்டிய காகிதம்

அடுத்தவர் பேச்சைக் கேட்டு மதிப்பெண் போடுவதுதான் என் வேலை. ஒரு கம்பெனியின் சேவை எண்ணுக்கு யாரோ போன் செய்து, டிவியில் படம் தெரியவில்லை, பில் தப்பாக வந்திருக்கிறது என்று சண்டை பிடிப்பார்கள். எதிர்முனையில் ஒரு பையனோ பெண்ணோ பொறுமையாகப் பதில் சொல்வார்கள். அது பதிவாகும். மறுநாள் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டு, ஒரு படிவத்தைக் கட்டம் கட்டமாக நிரப்புவேன். வணக்கம் சொன்னாரா, குரலில் அக்கறை இருந்ததா, வாடிக்கையாளர் பேசும்போது குறுக்கே பேசினாரா. யாரும் பேசாமல் லைன் சும்மா கிடந்தால் அதற்கு டெட் ஏர் என்று பெயர். பத்து விநாடியைத் தாண்டினால் அதற்கும் குறைப்போம். இதெல்லாம் சில்லறைத் தப்புகள். தவறான தகவல் சொன்னால்தான் மன்னிப்பே கிடையாது. மற்றதெல்லாம் தேன் மாதிரி இருந்தாலும் அந்த அழைப்புக்கு மொத்தமாக சைபர்.

ஒன்பது வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே கிரிவலம் சுற்றிவிட்டு வந்தவர்கள் கால் வீங்கிப் படுத்துக் கிடப்பார்கள். மேலே நாங்கள் ஊர் உலகத்தின் குறைகளைக் காதில் வாங்கிக்கொண்டிருப்போம். என் காதின்மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒருவர் சிரித்துக்கொண்டே பேசுகிறாரா, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறாரா என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறவர்களை அதைவிடச் சீக்கிரம் பிடித்துவிடுவேன். அலுவலகத்தில் எனக்குப் பாம்புக் காது என்று பெயர்.

ஊரடங்கு வந்தபோது கம்பெனி ஆளுக்கொரு லேப்டாப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. நான் அதோடு, பழைய படிவத் தாள்களில் ஒரு கட்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒருபக்கம் அச்சடித்த தாள், மறுபக்கம் வெள்ளை. பிள்ளைகள் கிறுக்குவதற்கு ஆகும் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டாவது தெரு. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. பௌர்ணமி வந்தால் பாதையைக் கடந்து எதிர்ப்பக்கக் கடைக்குப் போவதே பெரும்பாடு, அவ்வளவு கூட்டம் வரும். அந்த வருடம் பௌர்ணமிக்குப் போலீஸ் தடுப்பு வைத்துப் பாதையை அடைத்தார்கள். எலுமிச்சம்பழ ஜூஸ் கடை, இட்லிக் கடை, விபூதிக் கடை எல்லாம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. நாய்கள் ரோட்டின் நடுவில் படுத்துத் தூங்கின.

என் கணவர் பால் வண்டி ஓட்டுகிறார். கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு போய்க் குளிரூட்டும் நிலையத்தில் இறக்க வேண்டும். ஊரடங்கு மாட்டுக்குத் தெரியாது. விடியும் முன்னே போவார், மதியம் வந்து சாப்பிட்டுத் தூங்குவார், மாலையில் மறுபடியும் போவார். ஆகவே பகலெல்லாம் வீட்டில் நானும் இரண்டு பெண்களும்தான். பெரியவள் எட்டாம் வகுப்பு. சின்னவள் முதல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். சேர்ந்திருந்தாள் என்றால் பெயர் பதிவாகியிருந்தது, அவ்வளவுதான். வகுப்பறையை அவள் பார்த்ததில்லை.

அம்மா இனிமேல் வீட்டிலேயேதான் என்று தெரிந்ததும் சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் இரண்டு நாள் நான் வேலை செய்யும் நாற்காலிக்குக் கீழேயே படுத்திருந்தாள். மூன்றாம் நாள் சூப்பர்வைசரோடு மீட்டிங். நான் ஒரு பையனின் பேச்சில் அக்கறை போதவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் பாவாடை நாடாவைப் பிடித்துக்கொண்டு வந்து, "அம்மா, அவுந்துடுச்சு, கட்டி வுடு" என்று கத்தினாள். பத்துப் பேர் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

"மேடம், பேக்ரவுண்டு நாய்ஸ் ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார்.

அடுத்த வாரமும் அதையே சொன்னார். மூன்றாவது முறை சொல்லவைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்களில் இரண்டு பேரை அந்த மாதம்தான் நிறுத்தியிருந்தார்கள். அன்று மாலை ஒரு பழைய படிவத்தை எடுத்து, வெள்ளைப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதினேன்: "அம்மா வேலையில் இருக்கிறேன். கதவைத் தட்டாதே. கூப்பிடாதே." அறைக் கதவின் வெளிப்பக்கம், சின்னவளின் கண் உயரத்துக்கு டேப் போட்டு ஒட்டினேன். பெரியவளுக்காக என்றால் வாயால் சொன்னால் போதும். சின்னவளுக்கோ படிக்கத் தெரியாது. யாருக்காக எழுதினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சட்டம் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற அலுவலகப் புத்திதான் காரணமாக இருக்க வேண்டும்.

சின்னவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா எழுதியிருக்க?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வயது. இரண்டு நாள் நாற்காலிக்கடியில் படுத்திருந்தவள்.

"அம்மா சீக்கிரம் வந்துடுவேன்னு எழுதியிருக்கேன்."

கூடத்திலிருந்து பெரியவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்னவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கதவுக்குப் போய்த் தாளின்மேல் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்தி, "அம்மா... சீக்கிரம்... வந்துடுவேன்" என்று படித்தாள். அதன்பிறகு நான் தினமும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் வெளியே அந்த வாசிப்பு கேட்கும். ஹெட்போனை மாட்டும்வரை கேட்கும்.

வீட்டில் உருப்படியான போன் ஒன்றுதான், என்னுடையது. அது காலை முதல் மாலைவரை பெரியவளின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விட்டது. நெட் சிக்னல் வேண்டி அவள் மாடிப்படியின் உச்சியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கம்பெனி லேப்டாப்பில் வேலையைத் தவிர வேறு எதுவும் திறக்காது. சின்னவளுக்குக் கிடைத்தது கண்ணாடி விரிசல்விட்ட ஒரு பழைய போன். அதில் நேரலை வகுப்பெல்லாம் ஓடாது. அவள் வகுப்புக்கு அது தேவையும் படவில்லை. மிஸ் தினமும் வாட்ஸ்அப் குழுவில் பாடப் பக்கத்தைச் சொல்வார். வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளை அதைப் படிப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். கற்றுக்கொடுப்பது பெற்றோர் பாடு.

எனக்கு எங்கே நேரம்? அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நாள் முழுக்கப் பதிவுகளோடு வாழ்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? காலையில் சமைத்துக்கொண்டே பாடத்தைச் சத்தமாகப் படித்துப் பழைய போனில் பதிவு செய்துவிடுவது. பிறகு சின்னவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் குரலைக் கேட்டு, வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வருவாள். கேட்கக் கேட்க எழுத்து மனதில் பதிந்துவிடும். அருமையான ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அலுவலகத் தோழி ஒருத்திக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவளும் தன் மகனுக்கு அப்படியே செய்தாள். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. அறைக் கதவுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சின்னவள் என் குரலைக் கேட்பாள். உள்ளே நான் வேறு யார் யாருடைய குரலையோ கேட்பேன். வெள்ளிக்கிழமை பெரியவள் வீடியோ எடுப்பாள். சின்னவள் புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, விரல் வைத்து, தடுமாறாமல் ஒரு பக்கம் முழுவதையும் படிப்பாள். மிஸ் "சூப்பர்" என்று ஐந்து நட்சத்திரம் போடுவார். உச்சரிப்பு அபாரம் என்று ஒரு முறை குரல் செய்தியே அனுப்பினார். அதை நான் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அண்ணி, "எங்க வீட்டு வானரம் புத்தகத்தைக் கையால தொடமாட்டேங்குது" என்று புலம்பினார். நான் அடக்கமாக ஒரு கும்பிடு போட்டு வைத்தேன்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. சின்னவள் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். யாரும் தேர்வு வைக்கவில்லை, எல்லோரும் பாஸ். பிறகு ஒருநாள், சின்ன வகுப்புகளையும் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. வீடியோவை அனுப்பும் முன் முதல்முறையாக முழுசாகக் கேட்டேன். அதுவரை முதல் ஐந்து விநாடி பார்த்துவிட்டு அனுப்பிவிடுவேன். குளத்தில் இருந்த ஓர் ஆமையைப் பற்றிய பாடம். "ஆமை மெதுவாக நடந்து" என்று படித்துவிட்டுச் சின்னவள் நிறுத்தினாள். விரலும் நின்றது. முகத்தில் எந்தத் தடுமாற்றமும் இல்லை, எதற்கோ பொறுமையாகக் காத்திருப்பதுபோல இருந்தாள். பிறகு "கரைக்கு வந்தது" என்று தொடர்ந்தாள்.

அந்த இடைவெளி ஒன்பது விநாடி. விநாடிகளைக் கடிகாரம் இல்லாமல் எண்ண எனக்குத் தெரியும்.

வார்த்தை தெரியாமல் நிற்கிறவர்களின் மௌனத்தை நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அதில் மூச்சு மாறும், ஒரு 'ம்' வரும், நாற்காலி கிரீச்சிடும். இது அந்த மௌனம் இல்லை. பழைய போனை எடுத்து என்னுடைய பதிவைப் போட்டேன். "ஆமை மெதுவாக நடந்து" என்று என் குரல். அதன் பின்னால் குக்கர் மூன்றாவது விசிலை அடித்தது. அடுப்பை அணைக்கும் சத்தம். பிறகு "கரைக்கு வந்தது."

சின்னவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். வீடியோ எடுக்காத ஏதாவது ஒரு பாடத்தைப் படி என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம், பகல் வேளையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாளே என்று. மழைப் பாடத்தை எடுத்தாள். விரலை முதல் எழுத்தில் வைத்தாள். நல்ல குரலில் தொடங்கினாள்.

"மழை வந்தது. மரங்கள் நனைந்தன. கீரை வேணாம், நேத்து வாங்கினதே இருக்கு. மயில் ஆடியது."

சிரித்துவிட்டேன். நன்றாக வாய்விட்டுச் சிரித்தேன். சின்னவளும் என்னோடு சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே. அவள் விரல் இரண்டாம் வரியின் முடிவில் சரியாக நின்றிருந்தது. மயில் படத்தின் பக்கத்தில்தான் நின்றது. சிரிப்பு பாதியில் எனக்கு நின்றுபோயிற்று. காலையில் வாசலில் வந்த கீரைக்காரம்மாவுக்கு நான் சொன்ன பதிலையும் பாடம் என்றே நினைத்து, இந்தப் பிள்ளை ஒரு வருடமாக மனப்பாடம் செய்திருக்கிறது.

புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாளில் 'மரம்' என்று எழுதிக் காட்டினேன். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுக்குப் படமே இல்லையே" என்றாள். 'ஈ' எழுதிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு "அ, ஆ, இ, ஈ" என்று பாட்டாகச் சொல்லிப் பார்த்தாள். சத்தம் வந்தது. எந்தச் சத்தம் எந்த எழுத்துக்கு என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

பெரியவள் மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தாள். நான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அவளுக்குப் படிக்க வராதும்மா. ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள்.

"ஒனக்கு எப்போலர்ந்து தெரியும்?"

"முதல்லர்ந்தே. வீடியோல 'கீரை வேணாம்' மாதிரி வந்தா அதை மட்டும் வுட்டுடுனு நான்தான் சொல்லிக்குடுப்பேன். குக்கர் வர்ற எடத்துல சும்மா இருக்கக் கூடாதுனு சொல்ல மறந்துட்டேன்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீ எப்பவும் ஹெட்போன மாட்டிக்கிட்டே இருந்த" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்பதைப்போலச் சொன்னாள்.

மதியம் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அதுக்கின்னா இப்போ? ஸ்கூல் தெறந்ததும் சொல்லிக் குடுப்பாங்க. நான்லாம் மூணாவதுலதான் எழுத்துக் கூட்டினேன்" என்றார்.

"ஒங்களுக்குப் படிக்க வரலனு வாத்தியாருக்குத் தெரியும். இவ இத்தனை நாளும் நல்லாப் படிக்கிறானு நான் வாரா வாரம் வீடியோ அனுப்பியிருக்கேங்க" என்றேன்.

அவருக்கு அந்த வித்தியாசம் புரிந்ததா என்று தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார். என்னைப் பயமுறுத்தியது மிஸ்ஸின் முன்னால் படப்போகும் அவமானம் மட்டும் இல்லை. சின்னவளுக்குத் தான் படிப்பதாகவே நம்பிக்கை. படிப்பது என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதை எப்படிப் புரியவைப்பது? அதைப் பள்ளிக்கூடம் முதல் நாளிலேயே நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் செய்துவிடும். அதன்பிறகு இவள் புத்தகத்தைத் தொடவே மாட்டாள் என்று பயந்தேன்.

மறுநாளிலிருந்து என் ஷிப்டை ஒரு மணி நேரம் தள்ளி வாங்கிக்கொண்டேன். சூப்பர்வைசருக்கு அது பிடிக்கவில்லை. பதிவு செய்வதை நிறுத்தினேன். பழைய போனை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். காலையில் சின்னவளைக் கூட்டிக்கொண்டு பாதைக்குப் போனேன். புத்தகத்தை எடுத்துப் போகவில்லை. புத்தகத்தில் உள்ளதெல்லாம் அவளுக்கு மனப்பாடம், அது கெட்டுப்போன பொருள். கடைகளில் பாதி திறந்திருந்தன, பாதி இன்னும் மூடிக் கிடந்தன. போர்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன. டீ, கடை, பூ, பழம் என்று எழுத்து எழுத்தாகக் காட்டினேன்.

முதல் வாரம் பெரிய ஏமாற்றம். போர்டைப் பார்க்காமல் கடையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். வாழைத்தார் தொங்கினால் பழம். பாய்லர் இருந்தால் டீ. "நீ எழுத்தைப் பாரு பாப்பா, கடையைப் பாக்காதே" என்றால், "கடை பெருசா இருக்கே, எழுத்து சின்னதா இருக்கே" என்றாள். இரண்டாம் வாரம் அவள் அப்பாவின் வண்டி தெருவுக்குள் திரும்பும்போது, முன்கண்ணாடிக்கு மேலே இருந்ததைச் சுட்டி, "பா... ல்... பால்!" என்று கூவினாள். அவர் இறங்கி வந்து, "இன்னா வண்டினு இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்று அவளைத் தூக்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஆடினார்கள். எனக்கு மட்டும் திருப்தி இல்லை. அப்பா ஓட்டுவது பால் வண்டி என்று பிறந்ததிலிருந்தே அவளுக்குத் தெரியும். அவள் ஊகிக்கவே முடியாத ஒன்றைப் படிக்கும்வரை நான் நம்பப்போவதில்லை. என் தொழில் என்னை அப்படி ஆக்கிவைத்திருந்தது.

பள்ளி திறந்தது. முதல் நாள் நானே கூட்டிக்கொண்டு போய் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விசில், கீரை உட்பட. மாஸ்க்குக்கு மேலே அவர் கண்கள் சிரித்தன. பிறகு சோர்ந்துபோயின.

"இங்க முப்பத்தெட்டுப் பேரு இருக்காங்க. வீடியோல முப்பத்தெட்டுப் பேரும் நல்லாத்தாங்க படிச்சாங்க. நேர்ல ஆறு பேரு படிச்சாலே அதிசயம். நீங்க ஒருத்தர்தான் வந்து சொல்லியிருக்கீங்க" என்றார்.

எனக்கு அதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் மிஸ் நல்லவர். அரிச்சுவடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். காலையில் நான் போர்டு காட்டினேன், பகலில் அவர் கரும்பலகையில் காட்டினார். பஸ்கள் முழுசாக ஓட ஆரம்பித்த பிறகு டவுனுக்குப் போகும்போதெல்லாம் பஸ் போர்டுகளையும் சேர்த்துக்கொண்டோம். 'கீழ்பென்னாத்தூர்' அவளைப் படாதபாடு படுத்தியது. ஒவ்வொரு முறையும் அவள் 'கீழ்' என்பதைத் தாண்டுவதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

கம்பெனி அந்த லாட்ஜ் மாடியைக் காலி செய்துவிட்டது. எல்லோரும் இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அறை, கதவு, ஹெட்போன் எல்லாம் முன்போலவே தொடர்ந்தன. கதவில் ஒட்டிய காகிதமும் அங்கேயே இருந்தது. ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து மூடுகிற கதவு. அதில் என்ன இருக்கிறது என்பது என் கண்ணில் படாமல் போய் வெகுநாள் ஆகியிருந்தது. மூலையில் டேப் மஞ்சளாகிவிட்டது. அதைக் கிழிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம் நான் ஓர் அழைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பெண், பொறுமையாகப் பேசினாள், ஒரு குறையும் சொல்ல முடியாது. படிவத்தை நிரப்ப ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினேன். வெளியே சின்னவள் பள்ளியிலிருந்து வந்துவிட்ட சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றினாள். கதவருகே வந்தாள். தாளின்மேல் விரல் உரசியது.

"அ... ம்... மா..."

வழக்கமான வாசிப்புதான் என்று நினைத்தேன். அடுத்தது வந்தது.

"வே... லை... வேலை... யி... ல்..."

நான் நாற்காலியில் அப்படியே இருந்தேன். எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கலாம். எதையாவது சொல்லி அவள் கவனத்தைக் கலைத்திருக்கலாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "இருக்கிறேன்" என்பதற்கு வெகுநேரம் ஆனது. "கதவைத்" என்பதில் த் என்ற எழுத்தை விட்டுவிட்டு, திரும்பி வந்து பிடித்துக்கொண்டாள். "த... ட்... டா... தே." பிறகு சத்தம் இல்லை. மூச்சு மாறுவது எனக்குக் கதவு வழியாகவே கேட்டது. அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டாம் முறை வேகமாகவே படித்தாள். "கூப்பிடாதே" வரைக்கும் படித்தாள்.

அவளுக்குப் படிக்கத் தெரிந்துவிட்டது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. கடையைப் பார்த்தோ, படத்தைப் பார்த்தோ, என் குரலை வைத்தோ யாரும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

கதவைத் திறந்தேன். யூனிபார்மோடு, பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தாள்.

"அம்மா, இதுல வேற என்னமோ எழுதியிருக்கு."

"ஆமா."

"நீ சீக்கிரம் வந்துடுவேன்னு எழுதியிருக்கேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"அது எங்க?"

அவள் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. தாளின் கீழ் மூலையில் நகத்தை வைத்து டேப்பை மெதுவாக, கிழியாதபடி உரித்தாள். தாளை எடுத்துத் திருப்பினாள். பின்னால் எங்கள் அலுவலகத்தின் பழைய படிவம் அச்சாகியிருந்தது. கட்டம் கட்டமாக, எல்லாம் ஆங்கிலத்தில். அதன்மேல் விரலை வைத்து நகர்த்தினாள். அந்த எழுத்துகள் அவளுக்கு இன்னும் தெரியாது.

"இங்கிலீஷ்ல எழுதியிருக்கியாம்மா?" என்றாள்.

அவள் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் ஆங்கிலத்தைக் கூட்டிப் படிக்க இன்னும் இரண்டு வருடம் பிடிக்கும். அதற்குள் அந்தத் தாளை நான் தொலைத்துவிடலாம். அவள் விரல் நின்றிருந்த இடத்தைப் பார்த்தேன். கடைசிக் கட்டம், தவறான தகவல் என்று இருக்கும் கட்டம். எத்தனையோ பேருக்கு அதை நான் நிரப்பியிருக்கிறேன்.

"இல்ல பாப்பா. எங்கயும் எழுதல. அம்மா பொய் சொல்லிட்டேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தாளை இன்னொரு முறை திருப்பி என் எழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான் தெனமும் படிச்சேனேம்மா" என்றாள்.